3 கிராம் பிழை: வீட்டிலேயே கோல்ட் பிராசஸ் சோப்பு செய்வது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சில் வேகமாகக் கடந்துபோன அளவுகளை இங்கே விரிவாகக் கொடுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் அப்ரைசல் புலம்பலுக்கு லீவு. குளிக்கிற சோப்பை வீட்டுலயே எப்படிச் செய்றதுன்னு பார்க்கப் போறோம். கூடவே, நான் முதல் தடவை செஞ்ச சோப்பால எங்கம்மா கை எரிஞ்ச கதையையும் சொல்லணும். இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப்போட்டதுக்குக் காரணமே அந்தக் கதைதான். அதையே முதல்ல சொல்லிடுறேன்.

அஞ்சாம் நாள்

அம்மா கோவில்பட்டியில இருந்து வேளச்சேரிக்கு, என் வாடகை ஃப்ளாட்டுக்கு வந்திருந்தாங்க. வருஷக்கணக்கா பாத்திரம் தேய்ச்சு அவங்க விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும். நான் அப்போதான் ராத்திரி ராத்திரியா சோப்பு வீடியோ பார்த்துட்டிருந்தேன். "அம்மா, உனக்கு நானே நல்ல சோப்பு செஞ்சு தரேன்"னு பெருமையா சொல்லிட்டேன்.

ரெசிப்பி ரொம்ப சிம்பிள். தேங்காயெண்ணெய் 500, காஸ்டிக் சோடா, தண்ணி. ஆன்லைன்ல இருக்கிற கால்குலேட்டர்ல எண்ணெய் 500னு தட்டினேன். காஸ்டிக் சோடா 86.9 கிராம்னு வந்தது. அதை டிஜிட்டல் தராசுல பாயின்ட் சுத்தமா எடை போட்டேன். எண்ணெய்? அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு புதுசா இருந்தது. மூடியைத் திறந்து அப்படியே கவுத்தினேன். 500க்கு 500, கணக்கு சரி. அப்படித்தான் நினைச்சேன்.

மறுநாள் துண்டு போட்டு ஷெல்ஃப்ல அடுக்கினேன். "4 வாரம் யாரும் தொடக்கூடாதும்மா"ன்னு சொல்லி வெச்சேன். அஞ்சாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தா, அம்மா கையில ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

"நீ செஞ்சதாச்சேன்னு ஒண்ணு எடுத்தேன்டா. கை கழுவினதும் மொளகா அரைச்ச மாதிரி எரியுது."

தண்ணியில ரொம்ப நேரம் கழுவினோம். அப்புறம் டாக்டர்கிட்ட போனோம், மருந்து கொடுத்தார், சில நாள்ல சரியாயிடுச்சு. ஆனா அன்னைக்கு நான் முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "அதான் 4 வாரம் ஆகணும்னு சொன்னேன்ல! ஏன் எடுத்தே?"

அம்மா ஒண்ணும் சொல்லல. தப்பு தன்மேலதான்னு நம்பிட்டாங்க. ஆனா அவங்க 4 வாரம் கழிச்சு எடுத்திருந்தாலும் அந்த சோப்பு நல்ல சோப்பா மாறியிருக்காது. அது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா, சோப்பு செய்றதுல பாதி புரிஞ்ச மாதிரி.

எண்ணெயும் காரமும்

"கெமிக்கலே இல்லாத ஹேண்ட்மேட் சோப்பு"ன்னு நிறைய பேர் விக்கிறாங்க. அதை முதல்ல தெளிவாக்கிடலாம். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாம கட்டி சோப்பே கிடையாது. கடையில கிடைக்கிற சோப் பேஸை உருக்கி அச்சுல ஊத்துறது ஈஸியா இருக்கே, அதுல எங்க காஸ்டிக் சோடான்னு கேட்கலாம். அந்த வேலையை ஃபேக்டரியில யாரோ உங்களுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுட்டாங்க, அவ்வளவுதான்.

எண்ணெயோட ஒரு மூலக்கூறை மூணு வால் இருக்கிற பட்டம்னு வெச்சுக்கோங்க. வால் ஒவ்வொண்ணும் ஒரு கொழுப்பு அமிலம். மூணையும் பிடிச்சு வெச்சிருக்கிற தலை கிளிசரின். காஸ்டிக் சோடா வந்து அந்த மூணு வாலையும் பிரிச்சு, ஒவ்வொண்ணு கூடவும் தானே சேர்ந்துக்கும். அப்படிச் சேர்ந்ததுதான் சோப்பு. தனியா விடப்பட்ட கிளிசரின் சோப்புக்குள்ளயே தங்கிடும். பெரிய ஃபேக்டரிகள் பெரும்பாலும் இந்த கிளிசரினைத் தனியா எடுத்து வித்துடுவாங்க. வீட்டு சோப்புல அது அப்படியே இருக்கும்.

கொழுப்புக்குள்ள இந்த மாதிரி பாகங்கள் இருக்குன்னு 1800கள்ல ஆரம்பத்துல கண்டுபிடிச்சவர் ஃபிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரூல். அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே மனுஷங்க சாம்பல் தண்ணியையும் கொழுப்பையும் காய்ச்சி சோப்பு செஞ்சுட்டுதான் இருந்தாங்க. நம்ம ஊர்ல துணிக்கு உவர்மண், தலைக்கு சீயக்காயும் அரப்பும். உவர்மண் காரம். சீயக்காய் வேற கேஸ், அதுல நுரை வர்றது சபோனின்ற பொருளால.

'கோல்ட்'னா ஐஸ்ல வெச்சுச் செய்றது கிடையாது. அடுப்புல வெச்சுக் காய்ச்ச மாட்டோம்னு அர்த்தம். வினை நடக்கும்போது வர்ற சூடே வேலையை முடிச்சுக்கும்.

சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம்

இதுல எல்லாமே நிக்கிறது ஒரு கேள்வியிலதான்: எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காஸ்டிக் சோடா?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் இருக்கு. 1 கிராம் எண்ணெயை முழுசா சோப்பாக்க எத்தனை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேணும்னு அது சொல்லும். தேங்காயெண்ணெய்க்கு சுமார் 0.183. ஆலிவ் எண்ணெய்க்கு 0.135. விளக்கெண்ணெய்க்கு 0.128.

எல்லாமே எண்ணெய்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கிலோ பெரிய வெங்காயம், ஒரு கிலோ சின்ன வெங்காயம். எதுக்கு உரிக்கிற வேலை அதிகம்? எடை ஒண்ணுதான், ஆனா சின்ன வெங்காயத்துல எண்ணிக்கை ஜாஸ்தி. தேங்காயெண்ணெயோட கொழுப்பு அமிலங்கள் சின்னது, முக்கியமா லாரிக் அமிலம். அதனால அதே எடையில வால்களோட எண்ணிக்கை அதிகம். ஒவ்வொரு வாலுக்கும் ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. அவ்வளவுதான் ரகசியம்.

இதனாலதான் சோப்புல "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" வேலைக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் 150 கிராம் கேட்கிற ரெசிப்பியில அதுக்குப் பதிலா கடலையெண்ணெய் ஊத்தினா, காஸ்டிக் சோடா சுமார் 7 கிராம் கூடிப்போகும். சமையல்ல எண்ணெயை மாத்தினா ருசிதான் மாறும். இங்கே தோல் போயிடும்.

பாதுகாப்புக்காக எல்லாரும் கணக்கு காட்டுறதைவிடக் கொஞ்சம் கம்மியாதான் காஸ்டிக் சோடா போடுவாங்க. வழக்கமா 5 சதவீதம் கம்மி. அப்போ கொஞ்சம் எண்ணெய் மாறாம மிச்சம் நிக்கும். இதுக்குப் பேர் சூப்பர்ஃபேட். நம்ம பாஷையில சொன்னா எரர் மார்ஜின்.

பக் எங்கே இருந்தது

அம்மா ஊருக்குப் போனப்புறம் அதே எண்ணெயில இன்னொரு அரை லிட்டர் பாட்டில் வாங்கி, ஊத்தி, எடை போட்டேன். 458 கிராம்.

ஆமா, மில்லிலிட்டர். எண்ணெய் தண்ணியைவிட லேசு. சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 1 லிட்டர்னு போட்டு பக்கத்துலயே 910 கிராம் மாதிரி ஒரு எண் இருக்கும். நான் ஒரு பக்கம் கிராம்ல, இன்னொரு பக்கம் மில்லியில அளந்திருக்கேன். 1999ல செவ்வாய்க்கு அனுப்பின மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டரை நாசா இழந்ததும் இதே மாதிரி யூனிட் குழப்பத்துலதான். ஒரு டீமோட சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்குல எண் கொடுக்க, இன்னொரு டீம் நியூட்டன் கணக்குல படிச்சது. காலேஜ்ல இதைப் படிச்சுட்டு "இப்படியெல்லாமா தப்பு பண்ணுவாங்க"ன்னு சிரிச்ச ஆள் நான்.

கணக்கைப் பாருங்க. 458 கிராம் தேங்காயெண்ணெய்க்கு அதிகபட்சம் வேண்டியது 458 × 0.183, அதாவது 83.8 கிராம். நான் போட்டது 86.9. அந்த 5 சதவீத மார்ஜின் முழுசா காலி. அதுக்கு மேல 3 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு சேர்றதுக்கு எண்ணெயே இல்ல. அது சோப்புக்குள்ள சும்மா உட்கார்ந்திருந்து அம்மா கையில இருந்த கொழுப்பைத் தேடிப் போயிருக்கு.

போதாக்குறைக்கு, வெறும் தேங்காயெண்ணெய் சோப்பு கணக்கு சரியா இருந்தாலே தோலை நல்லா வறட்டும். அதனால அதுக்கு மட்டும் 20 சதவீதம் சூப்பர்ஃபேட் வைக்கிறவங்கதான் அதிகம். வெடிச்ச கைக்கு நான் தேர்ந்தெடுத்த ரெசிப்பியே தப்பு.

4 வாரம் எதுக்கு?

இப்போ அந்த "அதான் 4 வாரம்" விஷயத்துக்கு வருவோம். காஸ்டிக் சோடா மெல்ல மெல்ல ஆவியாகிப் போயிடும், அதுக்குத்தான் காத்திருக்கோம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். அது ஆவியாகிற பொருளே கிடையாது. சோப்பு ஆகுற வேலை பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே முடிஞ்சிடும். மிச்ச வாரங்கள்ல போறது தண்ணி. தண்ணி போகப் போக கட்டி இறுகும், தேய்மானம் குறையும், நுரையும் மென்மையும் கூடும்.

கணக்கு சரியா இருந்த சோப்பு 4 வாரத்துல நல்ல சோப்பாகும். கணக்கு தப்பின சோப்பு 4 வாரத்துல காய்ஞ்ச தப்பான சோப்பாகும். மேல்பரப்புல இருக்கிற கொஞ்சம் காரம் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோட சேர்ந்து வெள்ளைப் பொடியாகும். உள்ள இருக்கிறதுக்கு அந்த வழியும் இல்ல.

செய்றதுக்கு முன்னாடி

காஸ்டிக் சோடா பார்க்க அச்சு அசல் கல்லுப்பு மாதிரியே இருக்கும். அதை சமையலறை ஷெல்ஃப்ல வைக்கவே வைக்காதீங்க. மூடி இறுகின டப்பா, மேல பெரிய எழுத்துல பேர், உயரமான பூட்டுற அலமாரி. கரைச்ச தண்ணியை வாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்கிற வேலையே வேண்டாம்.

கண்ணாடி கண்டிப்பா வேணும். பவர் கண்ணாடி போதாது, பக்கமெல்லாம் மூடுற சேஃப்டி கண்ணாடி. ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை, மூடின செருப்பு. குழந்தைங்களும் நாய் பூனையும் அந்த அறையில இருக்கக் கூடாது.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது 5ஆம் நம்பர் போட்ட பிளாஸ்டிக். அலுமினியம் தொடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிச்சு ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் சோப்புக்கு மட்டுமே, திரும்ப சாம்பாருக்குப் போகக் கூடாது.

எப்பவும் தண்ணியில காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும். காஸ்டிக் சோடா மேல தண்ணியை ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும்.

மேல பட்டுட்டா ஓடுற தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம் கழுவுங்க. வினிகர், எலுமிச்சைன்னு எதையும் மேல ஊத்தாதீங்க. கண்ணுல பட்டா கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. யாராவது விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி.

இப்போ செய்வோம்

500 கிராம் எண்ணெய்க்கான அளவு. தேங்காயெண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். தேங்காய் நுரைக்கும் கெட்டிக்கும், ஆலிவ் மென்மைக்கு, விளக்கெண்ணெய் நுரை நிலைச்சு நிக்க.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 150 × 0.183 = 27.45. 300 × 0.135 = 40.5. 50 × 0.128 = 6.4. மொத்தம் 74.35. 5 சதவீதம் குறைச்சா 70.6 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணி அதைப்போல ரெண்டு மடங்கு, சுமார் 141 கிராம். தண்ணியும் கிராம்லதான். அப்புறம் ஆன்லைன் கால்குலேட்டர்லயும் ஒரு தடவை போட்டு ஒத்துப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா டப்பாவைத் திறக்காதீங்க.

காஸ்டிக் சோடா கெமிக்கல் கடையில கேட்டு வாங்குங்க. வெறும் சோடியம் ஹைட்ராக்சைடுன்னு லேபிள்ல இருக்கணும். டிரெய்னேஜ் அடைப்பு எடுக்கிற பவுடர் வேண்டாம், சிலதுல அலுமினியத் துகளும் வேற சாமானும் கலந்திருக்கும். சென்னை ஈரக்காத்துல காஸ்டிக் சோடா சீக்கிரம் வேர்த்துப் பிசுபிசுக்கும். திறந்து, எடை போட்டு, உடனே மூடிடுங்க.

ஜன்னல் பக்கத்துல வெச்சு தண்ணியில கரைங்க. வெறும் பச்சைத்தண்ணி அடுப்பே இல்லாம 80 டிகிரிக்கு மேல போகும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் பயமா இருக்கும், அந்த பயம் நல்லது. மூக்கைக் கிட்ட கொண்டுபோகாதீங்க, ஆவி தொண்டையைப் பிடிக்கும். தெளிஞ்சு, சுமார் 40 டிகிரிக்கு ஆறட்டும்.

ஆறினதும் எண்ணெயில ஊத்தி ஹேண்ட் பிளெண்டரால அடிங்க. சில செகண்ட் அடிச்சு, சில செகண்ட் சும்மா கலக்கி, திரும்ப அடிக்கணும். ஒரு கட்டத்துல எண்ணெயும் தண்ணியும் பிரியாம ஒண்ணாகி, தோசை மாவு பதத்துக்கு வரும். கரண்டியிலிருந்து ஒழுகவிட்டா மேல கோடு தெரியும். இதுதான் டிரேஸ். இட்லி மாவு பதம் வரை விட்டா அச்சுல ஊத்துறது கஷ்டம்.

அச்சுக்கு சிலிக்கான் மோல்ட், இல்லன்னா கழுவின பால் அட்டைப்பெட்டி போதும். ஊத்தி, தட்டி, மூடி வெச்சிடுங்க. ஒண்ணு ரெண்டு நாள்ல கையுறையோட எடுத்து வெட்டுங்க. காத்து வர்ற இடத்துல, ஒண்ணை ஒண்ணு தொடாம 4லிருந்து 6 வாரம். நான் ஒரு கட்டியை மட்டும் வாரா வாரம் எடை போடுவேன். எடை குறையறது ஏறக்குறைய நின்னா ரெடி.

சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்?

மஞ்சள் தடவிப் பார்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க. மஞ்சள் காரத்துல சிவக்கும், ஆரத்தித் தண்ணியில மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கிற அதே விஷயம். ஆனா நல்ல சோப்பே காரம்தான், பி.எச். 9, 10 இருக்கும். நல்லதும் சிவக்கும், கெட்டதும் சிவக்கும். அந்த டெஸ்ட் எல்லாருக்கும் ஃபெயில் மார்க் போடுற வாத்தியார் மாதிரி.

சோப்பு செய்றவங்க வழக்கமா பண்றது நாக்கு டெஸ்ட். ஈர விரலை சோப்புல தேய்ச்சு நாக்கு நுனியில லேசா தொடுவாங்க. வெறும் சோப்பு ருசின்னா சரி. 9 வோல்ட் பேட்டரி மாதிரி சுருக்குன்னா காரம் மிச்சம். குழந்தைங்க எதிர்ல செய்யாதீங்க. கட்டி நடுவுல வெள்ளைத் திட்டு, குழி, குழிக்குள்ள தண்ணின்னு இருந்தா டெஸ்ட்கூட வேண்டாம், ஒதுக்கி வெச்சிடுங்க.

ஒதுக்கினதைக் காப்பாத்தவும் வழி இருக்கு, ஆனா எங்க தப்பு நடந்ததுன்னு துல்லியமா தெரிஞ்சா மட்டும். என் கேஸ்ல தெரியும். கையுறை போட்டு எல்லாத்தையும் துருவி, 136 கிராம் தேங்காயெண்ணெய் கூடுதலா சேர்த்து, கொஞ்சம் தண்ணி விட்டு, கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வெச்சு மெதுவா காய்ச்சினேன். அந்த 136 எப்படின்னா, 86.9 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு 20 சதவீத சூப்பர்ஃபேட் வரணும்னா எண்ணெய் மொத்தம் 594 கிராம் இருக்கணும். வந்தது ரவா உப்புமா மாதிரி சொரசொரன்னு ஒரு கட்டி. கை கழுவ, பனியன் துவைக்க ஆச்சு.

சீக்கிரமா மூணு கேள்வி

பீட்ரூட், செம்பருத்தி போட்டா கலர் வருமா? காரத்துல பழுப்பாயிடும். மஞ்சள் போட்டா முதல்ல செங்கல் கலர், அப்புறம் வெளிறும்.

நல்லெண்ணெய் போடலாமா? போடலாம், அதோட எண்ணை வெச்சுக் கணக்கை மாத்தணும். ஆனா அதிகமா போட்டா நம்ம வெயில்ல சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும்.

விக்கலாமா? நண்பர்களுக்குக் கொடுக்கிறது வேற, விக்கிறது வேற. இந்தியாவுல குளியல் சோப்பு அழகுசாதனக் கணக்குல வரும். விற்பனைக்குத் தயாரிக்க 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி உரிமம் வேணும்.

கடைசியா

வீட்டு சோப்பு தோல் வியாதிக்கு மருந்து கிடையாது. தோலோட பி.எச். 5 பக்கம், எந்த சோப்பும் அதைவிட எங்கேயோ மேல. அம்மா கைக்கு நிஜமா உதவினது டாக்டர் சொன்ன ரெண்டு விஷயம்தான்: பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, ராத்திரி கிரீம்.

கணக்கைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். "அம்மா, நீ சீக்கிரம் எடுத்ததால எரியல. நான் எண்ணெயை எடை போடல. 4 வாரம் கழிச்சு எடுத்திருந்தாலும் எரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்போ அந்த மிச்ச சோப்பை நீ எதுவும் தேய்ச்சுடலையே?"ன்னாங்க.

அடுத்த பேட்ச் இந்த ஆலிவ் ரெசிப்பி. 6 வாரம் வெச்சு, முதல்ல என் கையில ஒரு வாரம் போட்டுப் பார்த்துட்டுதான் கோவில்பட்டிக்கு அனுப்பினேன். அம்மா கேட்டது ஒண்ணுதான்: "எடை போட்டியா?"

போட்டேன்மா. ரெண்டு தடவை.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. தராசு வாங்கிட்டு ஆரம்பிங்க.